கோடு போட்ட வட்டங்கள்

தூதரகத்திலிருந்து வரப்போகும் அந்த அம்மாவை வரவேற்றுப் பேச வேண்டியது நான்தான் என்று மாமா சொன்ன அன்று எனக்கு மூன்று மாதம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸ்கேன். எங்கள் டாக்டரிடம் எடுக்கும் ஸ்கேன் அல்ல. காரில் இரண்டு மணி நேரம் போய், வேறொரு ஊரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், போர்டு இல்லாத அறையில் எடுப்பது. 'அங்க சொல்லுவாங்க' என்றுதான் வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம். என்ன சொல்லுவார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னதில்லை.

எனக்கு ஏற்கனவே ஒரு பெண் இருந்தாள். அப்போது மூன்று வயது. "ஒண்ணு இருக்குது, ராசாத்தி மாதர, போதும். அடுத்ததப் பாத்துக்கிட்டுப் பெத்துக்கலாங் கண்ணு" என்றார் என் மாமியார். அவரை அத்தை என்று கூப்பிடுவேன். நான் "சரிங்க அத்தை" என்றேன்.

இதை எழுதும்போதும் என் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்தக் கோப்பை என் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. 'சரிங்க அத்தை' என்ற இரண்டு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேட்டவுடன் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டு வா என்றால் 'சரிங்க அத்தை' என்பது போலவே வந்தது.

மாமா என்பது என் மாமனார். குண்டடம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர், கிணறு வற்றிய காலத்தில் திருப்பூர் வந்து நாலு தையல் மிஷின் போட்டார். நான் மருமகளாக வந்தபோது நானூறு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பனியன் பெரும்பாலும் ஒரே ஒரு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. அந்த நாட்டின் டெல்லித் தூதரகத்தில் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய அதிகாரியாக அந்த அம்மா வந்திருந்தார். வந்ததும், அவராகவே எங்கள் கம்பெனிக்கு வருவதாகக் கடிதம் போட்டார். காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மானுடவியல் படிக்கிற மாணவியாக, எங்கள் தோட்டத்துச் சாளையில், அந்தத் தோட்டத்து வீட்டில், பதினாலு மாதம் தங்கியிருந்தவர் அவர். எங்களோடு உண்டு, உறங்கி, எங்கள் குடும்பத்தைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதியவர்.

"நீதான் இங்கிலீசு படிச்ச புள்ள. பத்து நிமிசம் பேசிப்போடு கண்ணு" என்றார் மாமா. "அவங்க பொறந்தது, படிச்சது, தூதரா எந்தெந்த நாட்டுல இருந்தாங்க, எல்லாத்தையுஞ் சொல்லோணும். நம்மூட்டுப் புள்ள மாதர வளந்தாங்கன்னு ஒரு வார்த்தை சேத்திக்க. அதுதான் முக்கியம்."

இருபத்தாறு வயதில் வந்தவர் இங்கே எப்படி வளர்ந்திருக்க முடியும் என்று கேட்கத் தோன்றியது. "சரிங்க மாமா" என்றேன்.

அந்தப் புத்தகம் பூஜை அறை பீரோவில், சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி இருக்கும். ஆயுத பூஜை அன்று வெளியே வரும். தையல் மிஷின், கார், ஜெனரேட்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கும்போது அதற்கும் வைப்பார்கள். வருஷா வருஷம் வைத்த சந்தனப் பொட்டுகள் அட்டையில் அடுக்கடுக்காகக் காய்ந்து, தலைப்பையே மறைத்திருந்தன. முதல் பக்கத்தில் கோணல் மாணலான தமிழில் 'இந்த ஊட்டுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் அதில் ஒரு வரி படித்ததில்லை. படிக்க வருகிற நானும் நாலு வருஷமாகத் தொட்டதில்லை. பூஜைப் பொருள் என்று விட்டுவிட்டேன். அதற்கும் என் மேல் கோபம்தான்.

ஆனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும். பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தில் நின்று, "இது உங்கள் குடும்பமா?" என்று ஆச்சரியப்பட்டாராம். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, டிசைன் செய்யும் இடத்தில் கொடுத்துத் துலக்கி, தேக்குச் சட்டம் போட்டு ஆபீசின் முன்னறையில் மாட்டிவிட்டார். சோபாவில் உட்காரும் யாருக்கும் கண்ணுக்கு நேரே அது இருக்கும். முக்கோணம், வட்டம், முக்கோணம், வட்டம், இடையில் கோடுகள். முக்கோணம் ஆண், வட்டம் பெண். பெயர் எதுவும் கிடையாது. சில உருவங்களின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கும்.

மாமா விளக்குவார்: "இதுங்க எங்கப்பா. இது நானு. இது எம் பையன், அப்ப நாப்பது நாள் கொழந்தை." குறுக்குக் கோடு என்ன என்று கேட்டால் தயாராகப் பதில் வைத்திருந்தார். "வட்டத்துக்கு மேல கோடு போட்டதெல்லாம் கட்டிக் குடுத்த புள்ளைங்க. வேற ஊட்டுக்குப் போயிட்டாங்கல்ல, அதான் அடிச்சுட்டாங்க." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நானே எத்தனையோ தடவை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். கட்டிக் கொடுத்த பெண் கணக்கிலிருந்து அடிக்கப்படுவாள் என்பதில் எனக்கே ஒரு சந்தேகமும் வந்ததில்லை. என் அம்மா வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் அதில் என் மேலும் கோடு இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு கையால் மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே, மறு கையால் குறிப்பு எடுத்தேன். துறைமுக ஊர் ஒன்றில் பிறந்தவர். மானுடவியல் படித்தவர். அது என்ன படிப்பு என்று என் கணவர் கேட்டார்.

"ஒரு ஊர்ல போயித் தங்கி, அவங்க எப்படி வாழறாங்கன்னு கூடவே இருந்து பாத்து எழுதறதுங்க."

"ஊட்டுக்கு ஊடு எட்டிப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா? எங்க சின்ன அத்தைக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே மிஷின் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சின்ன அத்தை என்றது மாமாவின் தங்கையை. தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தவர். மாதம் ஒருமுறை வந்து, எல்லார் வீட்டுக் கதையும் சொல்லிவிட்டுப் போவார். அவர் பெயர் காதில் விழுந்ததும் ஏனோ புத்தகத்தில் இருந்த அந்தப் படத்தில் அவரைத் தேடினேன். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வட்டம். இன்னொரு முக்கோணத்தோடு சேர்க்கும் மணக்கோடும் இருந்தது, அதாவது அப்போதே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் அவர் மேல் குறுக்குக் கோடு இல்லை.

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கோடு இல்லை என்றால், கோடு போட்டவர்கள் யார்?

புத்தகத்தின் கடைசியில் அடையாளங்களுக்கு அர்த்தம் போட்டிருந்தது. வெறும் ஆறு வரி. குறுக்குக் கோடு என்றால் இறந்தவர்.

பக்கத்தைத் திருப்பி மறுபடி படத்தைப் பார்த்தேன். மாமாவும் அத்தையும். அவர்களுக்குக் கீழே என் கணவர், சின்ன முக்கோணம். அவருக்கு இடப்பக்கம் இரண்டு வட்டங்கள். இரண்டின் மேலும் கோடு. பக்கத்தில் பொடியாக ஓர் எண். எண்ணைத் தேடிப் பின்பக்கம் போனேன். இரண்டும் பெண், இரண்டும் ஏழு நாள் தாண்டவில்லை என்று எழுதியிருந்தார். தாய் காய்ச்சல் என்றாளாம். பிரசவம் பார்த்தவள் வேறு சொன்னாளாம். அதற்கு மேல் தான் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார். மூன்று வரி. அடுத்த குறிப்பு பருத்தி விதை எங்கிருந்து வாங்கினார்கள் என்பதைப் பற்றியது.

"அம்மா, வாயி வலிக்குது" என்றாள் மகள். துடைத்த வாயையே நான் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று முழுக்க எனக்குள் வழக்கு நடந்தது. காய்ச்சலாகவே இருக்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் டாக்டர் ஏது? பிரசவம் பார்த்தவள் ஏதோ பகையில் சொல்லியிருக்கலாம். நான் யார், முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல? இப்படியெல்லாம் நினைத்து நினைத்து என்னை நானே சமாதானம் செய்து முடிக்கும் நேரத்தில் வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வரும். ஏழு நாள் காத்திருக்கக்கூட வேண்டாத ஓர் இடத்துக்குத்தானே நானும் போகப் போகிறேன்? போர்டு இல்லாத அறைக்கு என் காலாலேயே மாடி ஏறி?

கணவரிடம் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்கு முன்னால ரெண்டு பொறந்துதாமே?"

"ஆமா. தங்கலைன்னு சொல்லுவாங்க."

"தங்கலைன்னா?"

"தங்கலைன்னா தங்கலை. அப்பெல்லாம் அப்படித்தான்."

"வியாழக்கெழமை நாம போறதும் அப்படித்தானுங்களா?"

அவர் செல்போனை மேஜையில் வைத்தார். "அதையும் இதையும் எதுக்கு முடிச்சுப் போடற? சும்மா பாக்கத்தானே போறோம். பாத்தா என்ன ஆயிப்போவுது? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டுக் கண்டதையும் படிக்காதே."

கண்டதையும் என்று அவர் சொன்னது, அவர் அம்மா வருஷா வருஷம் சந்தனம் வைக்கிற புத்தகத்தை. சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மறுநாள் அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தேன், நான்தான் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று.

செவ்வாய்க்கிழமை விழா. ஃபேக்டரி முற்றத்தில் பந்தல். தையல் பெண்கள், செக்கிங் பெண்கள் எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுத்து வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். அந்த அம்மா காரிலிருந்து இறங்கினார். வெள்ளை முடி, பருத்திச் சேலை, சேலையை எங்கள் ஊர்க் கிழவிகள் போலவே இழுத்துச் சொருகியிருந்தார். மைக்கைப் பிடித்ததும், "எல்லாரும் நல்லா இருக்கறீங்களாங்க? சாப்புட்டாச்சுங்களா?" என்றார். பந்தலே கூச்சல் போட்டது.

எனக்குப் பின்னால் நின்ற திருநெல்வேலிப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "ஏட்டி, பத்து வருஷமா இங்கன கெடந்தும் நமக்கு இந்தப் பேச்சு வரலியே. இந்த வெள்ளச்சிக்கு எப்படிட்டி வருது?"

"அவியளுக்குச் சம்பளம் குடுத்துப் பேசச் சொல்லுதாவ. நம்மளப் பேசாத பேசாதன்னு சூப்பர்வைசர்லா வையுதாவ."

நானும் பேசினேன். பத்து நிமிஷம். பிறந்த ஊர், படிப்பு, புத்தகம், ஆறு வருஷ ஆசிரியர் வேலை, அப்புறம் வெளியுறவுத் துறை, மூன்று நாடுகள். மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தேன். 'எங்கள் வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தவர்' என்ற வார்த்தையையும் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண்ணாக. சொல்லும்போது நாக்கு கசந்தது. கை தட்டினார்கள். அத்தை முன்வரிசையில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகள் மேல் அவருக்கு உயிர். அது பொய்யில்லை. அதனால்தான் அவரை வெறுப்பதுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

விழா முடிந்ததும் மாமா அந்த அம்மாவை முன்னறைக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். படத்தின் முன்னால் நிறுத்தினார். தான் வரைந்ததை அவ்வளவு பெரிதாக, தேக்குச் சட்டத்தில், மாலை போட்டுப் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். காது மடல் சிவந்தது. கண் நேராக அந்த இரண்டு வட்டத்துக்குத்தான் போனது. நான் பார்த்தேன்.

மாமா அவருக்கே விளக்க ஆரம்பித்தார். "பாருங்க, எல்லாரையும் சரியாப் போட்டிருக்கறீங்க. இந்தக் கோடு போட்டதெல்லாம் கட்டிக் குடுத்த புள்ளைங்க. சரித்தானுங்களே?"

அந்த அம்மா ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாங்க. சரியாச் சொன்னீங்க" என்றார். பிறகு திரும்பி, மாதத்துக்கு எத்தனை பீஸ் போகிறது என்று கேட்டார்.

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது அந்த இடத்தில்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் இளம்பெண், பயந்திருப்பார், சரி. இப்போது? வரைந்த கை அவருடையது. அர்த்தம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற என் வயிறு தெரிகிற வயிறு. 'ஆமாங்க' என்ற அந்த ஒரு மரியாதையான சொல்லில் இரண்டு பிள்ளைகளையும் கல்யாணம் செய்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாப்பாடு எங்கள் வீட்டில். இலை போட்டு, அத்தையே பக்கத்தில் நின்று பரிமாறினார். இரண்டு பேரும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். மாடு முட்டியது, கிணற்றில் நீச்சல் பழகியது. "நானும் இவங்களும் ஒரே போர்வைல படுத்திருப்போம்" என்று அத்தை என்னிடம் சொன்னார். அப்போது அத்தைக்கு இருபத்தொரு வயது. வீட்டில் மாமியார், கொழுந்தன், ஆள்காரர்கள் என்று இருந்தும், பேசிக்கொள்ள அவருக்கு இருந்தது இந்த வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான் போலிருக்கிறது.

கை கழுவ அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் என்றேன். பின்பக்கக் குறிப்பையும் படித்துவிட்டேன் என்றேன். ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள்?

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். 'உங்கள் வீட்டில் நான் விருந்தாளி' என்றார். அன்றும் விருந்தாளி, இன்றும் விருந்தாளி. அன்று வாயைத் திறந்திருந்தால் மறுநாளே பஸ் ஏற்றிவிட்டிருப்பார்கள், அந்த மூன்று வரிகூட எழுதப்பட்டிருக்காது. அதற்கப்புறம் அரசாங்க வேலை. அந்த வேலையிலும் அதேதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். அடுத்தவர் வீட்டுக்குப் போ, நன்றாகக் கவனி, முகத்துக்கு நேரே குறை சொல்லாதே, பார்த்ததை உன் ஊருக்கு எழுது. இதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார், சோர்ந்துபோன சிரிப்பு.

"எழுதியதைப் படித்த உங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?" என்றேன்.

கழுவிய கையையே அவர் மறுபடி கழுவினார்.

"வருகிற வியாழக்கிழமை என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். என் குரல் ஏறியிருந்தது. திரும்பினால், கையில் துண்டோடு அத்தை நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்கேன் என்ற வார்த்தை தெரியும். "என்ன சொல்றா இவ?" என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"புஸ்தகத்தப் பத்திக் கேக்கறாங்க" என்றார் அவர்.

அத்தை துண்டை நீட்டவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர், தணிந்த குரலில் அந்த அம்மாவிடம் கேட்டார். "ஏ புள்ள. நீ அத எழுதிப்போட்டயா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதாதேன்னு உன் கையப் புடிச்சுக் கேட்டனே?"

"பேரு போடலீங்க" என்றார் அந்த அம்மா. "யாரு பேரையுமே போடலீங்க."

"பேரு வெச்சிருந்தாத்தான போடறதுக்கு" என்றார் அத்தை.

துண்டைக் குழாய் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவை வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. தலைவலி என்று மாமா சொன்னார். கார் போனதும் மாமா என்னைப் பாராட்டினார், பேச்சு நன்றாக இருந்ததாம்.

 என்ன காரியம் செய்துவிட்டேன்? அந்த அம்மா மேல் வந்த கோபத்தில், முப்பது வருஷமாக அத்தை மூடி வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டேன். அந்த அம்மாவே என்னைவிட மேல் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் எழுதத்தான் செய்தார், நான் குழாயடியில் நின்று கத்தினேன். பிறகு இன்னொரு கணம், கத்தாமல் எத்தனை பேர் எத்தனை வருஷம் இருந்தோம் என்று தோன்றும். இப்படியே புதன்கிழமை விடிந்தது.

காலை பத்து மணிக்கு அத்தை சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "என்னைய ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ."

கம்பெனி தொடங்கி இத்தனை வருஷத்தில் பூஜைக்குத் தவிர அவர் ஆபீசுக்கு வந்ததில்லை. பூஜைக்கு வரும்போதும் நேரே மிஷின்களுக்குப் போய்விடுவார். மாமா காதர்பேட்டை போயிருந்தார். முன்னறையில் யாரும் இல்லை. படத்தில் நேற்றைய மாலை இன்னும் தொங்கியது.

"எது?" என்றார்.

காட்டினேன். அவர் ஆட்காட்டி விரலைக் கண்ணாடி மேல் வைத்தார். ஒரு விரலில் இரண்டு வட்டமும் மறைந்துவிட்டது.

"இத்தனூண்டா?"

நான் தொங்கிய மாலையை ஒதுக்கிப் பிடித்தேன்.

"மூத்தது நல்ல செவப்பு. தலை நெறைய முடி." அதோடு நிறுத்திக்கொண்டார். விரலை எடுத்து, கண்ணாடியில் பதிந்த ரேகையை முந்தானையால் துடைத்தார். மறுபடி குரல் பழையபடி ஆகிவிட்டது. "இத மொதல்ல கழட்டச் சொல்லு உன்ற மாமன்கிட்ட. வர்றவன் போறவன் எல்லாம் பாத்துட்டுக் கெடக்கறான்."

இங்கே நான் 'சரிங்க அத்தை' என்று சொல்லியிருக்க வேண்டும். நியாயமும் அவர் பக்கம்தான். அது அவருடைய துக்கம், மாட்டி வைக்க எனக்கு உரிமை கிடையாது. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"வேண்டாங்க அத்தை. இருக்கட்டுங்க. இதுலயாச்சும் இருக்கட்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு நான் வரலீங்க" என்றேன். சோபாவைப் பிடித்துக்கொண்டேன். "எதுவா இருந்தாலும் இருக்கட்டுங்க. அங்க நான் வர மாட்டேன்."

என் வாழ்க்கையில் அந்த வீட்டில் சொன்ன முதல் 'முடியாது' அது. அணைத்துக்கொள்வார், அழுவார் என்றெல்லாம் ஏதாவது எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"பெரிய படிப்புப் படிச்சவ" என்றார். "பெத்துட்டு நாளைக்கு நீ கட்டிக் குடுக்கறப்பத் தெரியும்." விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

வியாழக்கிழமை யாரும் காரை எடுக்கச் சொல்லவில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்தார், அவர் அம்மா முகத்தைப் பார்த்தார், ஃபேக்டரிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்குச் சந்தோஷப்படுவதா, எரிச்சல்படுவதா என்று இன்றும் முடிவு செய்யவில்லை.

அத்தை ஐந்து மாதம் என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்கொம்மாகிட்டக் கேளு சாமி, இரும்பு மாத்தர போட்டாளான்னு." மகள் ஓடி வந்து கேட்பாள். "போட்டாச்சுன்னு சொல்லு கண்ணு." ஓடிப் போய்ச் சொல்வாள். கேட்பவர் இருப்பது கதவுக்கு அந்தப் பக்கம்தான். அந்த அம்மா டெல்லியிலிருந்து நன்றிக் கடிதம் அனுப்பினார். தூதரகத்தின் சின்னம் போட்ட தாள், அச்சடித்த வரிகள், கீழே கையெழுத்து. மாமா அதையும் சட்டம் போட்டார்.

பெரிய படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கழற்றும்படி அத்தையும் மாமாவிடம் சொல்லவில்லை. மாமா இன்றும் பழைய விளக்கத்தைத்தான் சொல்கிறார். ஒருமுறை வயதான பையர் ஒருவர் கோட்டைப் பற்றிக் கேட்க, மாமா சொன்னதை விட்டுவிட்டு நான் உண்மையை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வருந்துவதாகச் சொன்னார். அப்புறம் துணியின் கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மாமா பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் யாருக்கும் சொல்லவில்லை.

நானும் இதில் யார் பெயரையும் எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு அது தொழில்முறை, எனக்குப் பயம். அத்தை இதைப் படிக்க மாட்டார், தமிழ் நன்றாகப் படிப்பார் என்றாலும் நான் கொடுக்க மாட்டேன். ஆகவே நானும் அவரைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். இது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷமாகிறது. இந்தக் கதையை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் கல்லூரித் தோழி, என் அக்கா, எங்கள் டாக்டர். மூவரும் நன்றாகப் படித்தவர்கள். கடைசி வரை கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்புறம் என்ன குழந்தை பொறந்துச்சு?"

சின்னது நன்றாக இருக்கிறது. நடக்கிறது, கடிக்கிறது, அக்கா முடியைப் பிடித்து இழுக்கிறது. என்ன குழந்தை என்று அவர்களுக்கும் நான் பதில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.